அக்காவின் இடது சிறுநீரகம்

ஸ்கேன் டேபிளில் படுத்திருப்பவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த வேலையில் ஒரு வருடம் பிடித்தது. அதற்குப் பிறகு முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். பன்னிரண்டு வருடங்களாக எத்தனையோ கெட்ட செய்திகளைத் திரையில் பார்த்திருக்கிறேன். எதிரே படுத்திருந்தவர்களுக்கு அது என் முகத்தில் தெரிந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் இடது விலாவுக்குக் கீழே ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை வைத்த சில நொடிகளில் அந்தப் பழக்கம் என்னைக் கைவிட்டது.

"இன்னாடி?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. மூச்ச இழுத்துப் புடி."

அவள் இழுத்துப் பிடித்தாள். நான்தான் மூச்சு விட மறந்து நின்றேன்.

நாங்கள் இரண்டே பேர். கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பத்தொன்பது வயதில் பெங்களூருக்கு வந்து பொம்மசந்திராவில் ஒரு மருந்து பேக்கிங் கம்பெனியில் சேர்ந்தாள். இப்போது அங்கேயே லைன் சூப்பர்வைசர். அவள் கணவர், எனக்கு மாமா, இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். நான் டாக்டருக்குப் படித்து, ஸ்கேன் பார்ப்பதில் மேற்படிப்பு முடித்து, பிரேசர் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். கர்ப்பிணிகள், பித்தப்பைக் கல், குடல்வால் வீக்கம் என்று நாள் ஓடும். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்தவர்களும் வருவார்கள். உள்ளே தையல் போட்ட இடத்தில் ரத்தம் தேங்கியிருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா, பக்கத்தில் இருக்கும் சிறுநீரகங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பெரும்பாலும் எதுவும் இருக்காது. "நல்லாருக்கு, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன்.

அக்காவுக்கு இரண்டு வருடமாக ரத்தப்போக்கு. கர்ப்பப்பையில் கட்டிகள் இருந்ததை நான்தான் ஸ்கேனில் பார்த்தேன். எடுத்துவிடலாம் என்று சொன்னேன். "நான் போய்ப் படுத்துக்கிட்டா லைன்ல யாரு நிப்பா?" என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒருநாள் வேலை நேரத்தில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் சம்மதித்தாள். எந்த டாக்டரிடம் போவது என்று முடிவு செய்ததும் நான்தான். அந்த டாக்டரம்மாவுக்கு இந்த ஆபரேஷனில் நீண்ட அனுபவம். நிதானமான கை. அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை எத்தனையோ முறை நானே ஸ்கேன் பார்த்து அனுப்பியிருக்கிறேன்.

வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா வைத்துச் செய்த ஆபரேஷன். நன்றாக முடிந்தது என்றார்கள். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். "உங்க வூட்ல என்னால கால நீட்டி உக்கார முடியாது, நான் எங்க வூட்டுக்கே போறேன்" என்று பொம்மசந்திராவுக்குப் போய்விட்டாள்.

நான்காம் நாள் மத்தியானம் போன் செய்தாள். டேபிளில் ஒரு கர்ப்பிணிப் பெண் படுத்திருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"இடுப்புக்கு மேல, இடது பக்கமா இழுத்துப் புடிக்குதுடி."

"வயித்துல கேஸ் அடிச்சு உப்ப வச்சுதான்க்கா ஆபரேஷன் பண்ணுவாங்க. அந்த கேஸ் போக ரெண்டு மூணு நாள் ஆவும். சீரகத் தண்ணி குடி."

அந்த வாயு தங்கினால் தோள்பட்டையில்தான் வலிக்கும், இடுப்பில் வலிக்காது. இது எனக்குத் தெரியும். முதல் வருடம் படிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

ஆறாம் நாள் மறுபடியும் கூப்பிட்டாள். அதே வலி, கூடவே வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். மாத்திரை ஒத்துக்கொண்டிருக்காது என்றேன். ஏழாம் நாள், குளிர் அடித்துக் காய்ச்சல் வந்தது என்றாள். பாரசிட்டமால் போட்டுக்கொள், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாள் அவள் கூப்பிடவில்லை. எனக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார். மாமா எனக்குப் போன் செய்கிற ஆள் இல்லை.

"வயிறு உப்பிக் கெடக்குதும்மா. பாவாட நாடா கட்ட முடியல. நேத்துலருந்து ஒண்ணும் சாப்புடல. இன்னா பண்றது?"

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகச் சொல்லியிருக்க வேண்டும். "சென்டருக்குக் கூட்டிட்டு வாங்க மாமா, அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம்" என்றேன். நேரம் மிச்சமாகும் என்று அவரிடம் காரணம் சொன்னேன். உண்மையில், வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சென்டர் மூடியிருக்கும். ஒரு சாவி என்னிடம் இருந்தது. ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, மெஷினை ஆன் செய்துவிட்டு வாசலில் நின்றேன். காலியான ரோட்டில் முக்கால் மணி நேரத்தில் டாக்சி வந்தது. அக்கா இறங்கியபோது ஒரு கையால் கதவையும் மறு கையால் மாமாவின் சட்டையையும் பிடித்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. மாடிப்படி பதினெட்டு. நடுவில் இரண்டு தடவை நின்றாள்.

சிறுநீரகத்தின் நடுப்பகுதி ஸ்கேனில் வெள்ளையாக, அடைத்து வைத்த மாதிரி தெரிய வேண்டும். அக்காவின் இடது சிறுநீரகத்தில் அந்த வெள்ளையைப் பிளந்துகொண்டு கருப்பு கிளை கிளையாக விரிந்திருந்தது. ஸ்கேனில் கருப்பு என்றால் தண்ணீர். கீழே இறங்க வேண்டிய சிறுநீர் வழி கிடைக்காமல் மேலேயே தேங்கி நிற்கிறது. கருவியைக் கீழே நகர்த்தினேன். இடுப்புக் குழிக்குள், கர்ப்பப்பை இருந்த இடத்தில், ஒரு சாத்துக்குடி அளவுக்கு இன்னொரு கருப்பு. அதைச் சுற்றிக் குடல்களுக்கு இடையிலும் தண்ணீர். அது ரத்தமா, சீழா, சிறுநீரா என்று மெஷின் சொல்லாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் இறங்கி மூத்திரப்பையில் சேர்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அந்தக் குழாய் பைக்குள் சிறுநீரைப் பீச்சும். மெஷினில் கலர் பட்டனை அழுத்தினால் அந்தப் பீச்சல் ஒரு செம்மஞ்சள் கீற்றாக மின்னி மறையும். வழியில் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தேன். குமட்டலோடு மடக்கு மடக்காகக் குடித்திருந்தாள். பையில் போதுமான அளவு இருந்தது.

வலது பக்கத்திலிருந்து கீற்று வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது. இடது பக்கம் எதுவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன். வலது பக்கம் வந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடம். என் விரல்கள் ஜெல்லில் வழுக்க ஆரம்பித்தன.

"உன் மூஞ்சி செத்துப் போச்சு" என்றாள் அக்கா. "சொல்லிடு."

இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதிப் பழகியவள். அக்காவிடம் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது.

"கிட்னிலருந்து மூத்திரம் எறங்கற குழாய் ஒண்ணு இருக்குக்கா. கர்ப்பப்பைக்கு ஒட்டினாப்ல போவும். ஆபரேஷன்ல ரத்தத்த நிறுத்தச் சூடு வைப்பாங்க, அது இதுலயும் பட்டிருக்கும்னு நெனக்கிறேன்."

"கிழிஞ்சுபோச்சா?"

"ஒழுகுது."

"எங்க ஒழுகுது?"

"வயித்துக்குள்ளயே."

அவள் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பினாள். "கிட்னி போயிடுமா?"

"போவாது" என்றேன். அது எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் ஆகிவிட்டது என்பது மட்டும் தெரியும்.

டிஷ்யூவை எடுத்து வயிற்றில் இருந்த ஜெல்லைத் துடைக்கப் போனேன். என் கை ஆடியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, டிஷ்யூவை என் கையிலிருந்து வாங்கித் தானே துடைத்துக்கொண்டாள்.

மாமா வெளியே, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இன்னிக்கே நீ பாத்தது நல்லதாப் போச்சு, இல்லம்மா?" என்றார். "ஆமா மாமா" என்றேன்.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டேன். நான் பார்த்ததைச் சொல்லி முடித்தேன். எப்போதும் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுகிறவர், கன்னடத்தில், கூட்டிக்கொண்டு வா, சீக்கிரம் வா என்று மட்டும் சொன்னார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

சிடி ஸ்கேன் எடுத்தார்கள். குழாயின் கீழ்ப்பகுதியில் ஓட்டை. வயிற்றுக்குள் இருந்தது சிறுநீர்தான். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரோடு போக வேண்டிய உப்பு ஏறியிருந்தது. சிறுநீரக டாக்டர் வந்தார். என்னைவிடச் சின்னவர், தமிழர்தான். அக்காவின் கட்டில் ஓரத்தில் நின்று, எதையும் மறைக்காமல் அவளிடமே சொன்னார்.

"மூத்திரப்பை வழியா ஒரு மெல்லிசு கம்பிய மேல விட்டுப் பாப்பேன்மா. ஓட்டையத் தாண்டி கம்பி போயிடுச்சுன்னா அது மேலயே ஸ்டென்ட்னு ஒரு சின்னக் குழாய வச்சிடலாம். ஓட்டை தானா ஆறும். போகலன்னா, முதுகு வழியா கிட்னியில ஒரு டியூப் போட்டுட்டு, மூணு மாசம் கழிச்சு வயித்தத் திறக்கணும்."

"போவும்னு தோணுதா?" என்று அக்கா கேட்டாள்.

"பாத்தாத்தான் தெரியும்."

பிற்பகலில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் மாமாவும் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். டாக்டர் என்ற முறையில் நான் உள்ளே போயிருக்கலாம். போக எனக்குத் தைரியம் இல்லை. வெளியே இருப்பதும் சுலபமாக இல்லை. இந்த மாதிரிக் குழாய்களில் கம்பி பாதியில் முட்டி நிற்பதைப் பற்றி நான் படித்த எல்லாமே வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களை அன்றைக்கு நினைத்துப் பொறாமைப்பட்டேன்.

"எத்தன எம்எம் இருக்கும் அந்தக் குழாய்?" என்று மாமா கேட்டார்.

"மூணு, நாலு."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த அளவுக்கு விரித்துப் பார்த்தார். லேத்தில் நின்று பழகிய கை. அளவு சரியாக இருந்தது.

"அவ்ளோதானா" என்றார். விரல்களை உடனே மடக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: "வலிக்குதுன்னு ஒரு வார்த்த உன்னாண்ட முன்னாடியே சொல்லிருக்கலாம் அவ. என்னாண்டகூடச் சொல்லல. எதையும் உள்ளயே வச்சுப்பா. எப்பவும் அப்டித்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று தடவை அவள் எனக்குப் போன் செய்தது மாமாவுக்குத் தெரியாது. அவர் பட்டறையில் இருந்த நேரத்தில் பேசியிருக்கிறாள். வாயைத் திறந்தேன். தியேட்டர் கதவு திறந்து ஒரு நர்ஸ் வெளியே வந்தார். இரண்டு பேரும் எழுந்தோம். அவர் எங்களைத் தாண்டி வேறு எங்கோ போனார். மறுபடியும் உட்கார்ந்தபோது சொல்ல வேண்டியது உள்ளே போய்விட்டது.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. சிறுநீரக டாக்டர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு தடவ முட்டுச்சு. மூணாவது தடவ போயிடுச்சு."

மாமா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்தேன்.

இந்த முறை அக்காவை என் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தோம். அவள் மறுத்துப் பேசவில்லை. ஸ்டென்ட் எட்டு வாரம் உள்ளே இருக்க வேண்டும். வயிற்றில் தேங்கியிருந்தது தானாக வற்ற வேண்டும். வற்றுகிறதா என்று வாரம் ஒரு தடவை ஸ்கேன். என் சென்டரில், என் மெஷினில், நான்தான் பார்த்தேன்.

முதல் வாரம் அந்தக் கருப்பு கொஞ்சம் சுருங்கியிருந்தது. இரண்டாவது வாரம் அக்காவுக்கு மறுபடியும் லேசாகக் காய்ச்சல். அளந்து பார்த்தபோது முந்தின வாரத்தைவிட அரை சென்டிமீட்டர் கூடுதல். திரையில் அளக்கும்போது இந்த ஓரத்தில் ஒரு குறி, அந்த ஓரத்தில் ஒரு குறி வைக்க வேண்டும். நான் இரண்டு குறிகளையும் சற்று உள்பக்கம் தள்ளி வைத்து அளந்தேன். முந்தின வாரத்து எண்ணே வந்தது. மனசு கொஞ்சம் லேசானது. பிறகு நான் செய்ததை நானே பார்த்தேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவர்களை வேலையை விட்டு அனுப்பச் சொல்லியிருப்பேன். அந்த அளவை அழித்துவிட்டு, குறிகளைச் சரியான ஓரத்தில் வைத்து, வந்த எண்ணை எழுதினேன். டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். மருந்தை மாற்றினார்கள். அடுத்த நான்கு நாட்கள் அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற சாக்கில் மணிக்கு ஒரு தடவை அவள் அறைக்குப் போய்வந்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்றாவது வாரம் அந்தக் கருப்பு ஒரு எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது.

மாமா வேலை முடிந்து தினமும் வருவார். பார்க்க வருகிற எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் சென்டரைத் திறந்து, பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து, கையோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து... "மச்சினிச்சி மட்டும் டாக்டரா இல்லன்னா நம்ம கதி இன்னா சொல்லு" என்று முடிப்பார். வந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். நான் காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விடுவேன். அக்கா அந்தக் கதையைத் திருத்தியதே இல்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டு, வந்தவர்களைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் விட்டுவர மாமா போனார். நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். தட்டில் தயிர்சாதம் இருந்தது. அவள் அதைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"மூணு தடவ சொன்னேன் உனக்கு."

"ஆமாக்கா."

"உன்னாண்ட சொன்னாப் போதும்னு இருந்தேன். அதான் வேற யாராண்டயும் சொல்லல."

மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். எதைச் சொன்னாலும் அவள் என்னைச் சமாதானப்படுத்தும்படி ஆகிவிடும் என்று பட்டது. உடம்பு சரியில்லாதவளுக்கு அந்த வேலையையும் கொடுக்க மனம் வரவில்லை. அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு, "ஊறுகா இருக்குதா?" என்றாள். எடுத்துவந்து வைத்தேன். அதைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை.

எட்டு வாரம் முடிந்து ஸ்டென்டை எடுத்தார்கள். எல்லோரும் முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்குப் பயம் அங்கேதான் ஆரம்பித்தது. ஆறிய புண் சுருங்கும். சுருங்கினால் குழாய் மெல்ல அடைபடும். அப்படி அடைபடும்போது வலிக்காமலும் இருக்கலாம். காய்ச்சல் வராது, வாந்தி வராது. ஆள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். உள்ளே ஒரு சிறுநீரகம் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும். ஸ்கேனில் மட்டும்தான் தெரியும். ஸ்டென்ட் எடுத்து இரண்டு வாரம் கழித்து முதல் ஸ்கேன் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு வாரமும் வேலையில் யாருடைய இடது சிறுநீரகத்தைப் பார்த்தாலும் இரண்டு தடவை அளந்தேன்.

அந்த ஸ்கேனை வேறு யாராவது பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். சிவாஜி நகர் பக்கம் ஒரு சீனியர் இருக்கிறார், அவரிடம் போகலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அதற்குள் அவள் பொம்மசந்திரா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

"எதுக்கு?" என்றாள்.

"எனக்குக் கை நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். நீயே பாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஆனா அன்னிக்கு மாதிரி வாய மூடிட்டுப் பாக்காத. அந்தப் பத்து நிமிஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ பாக்கறத பாக்கப் பாக்கச் சொல்லிட்டே வரணும். நல்லதோ கெட்டதோ."

ஸ்கேன் வைத்திருந்த நாள் சாயங்காலம், கடைசி நோயாளி போன பிறகு அக்கா வந்து படுத்தாள். எங்கள் சென்டரில் நோயாளிகளுக்கு உதவி செய்யும் கன்னடக்கார அம்மா சுவரோரம் நின்றார். நான் கருவியை வைத்தேன். வாயைத் திறந்தேன்.

"இது வலது கிட்னி. நல்லாருக்கு. நடுவுல வெள்ளையா இருக்கு பாரு, அப்டித்தான் இருக்கணும். இப்ப இடது பக்கம் வரேன். மூச்சப் புடி. இடது கிட்னி தெரியுது. சைஸு சரியா இருக்கு. நடுவுல..."

"சொல்லு" என்றாள் அக்கா.

"நடுவுல கருப்பு இருக்கு."

"எவ்ளோ?"

"முன்ன இருந்ததுல கால்வாசி."

"அவ்ளோ இருக்கலாமா?"

"இருக்கலாம். வீங்கின எடம் முழுசா வத்தாது. இதுக்கு மேல பெருசாச்சுன்னாத்தான் தப்பு."

"சரி, மேல போ."

நான் அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தபோது ஒன்று நடந்தது. பயம் போகவில்லை, ஆனால் கை நடுங்குவது நின்றது. கீழே மூத்திரப்பைக்கு வந்தேன். இடுப்புக் குழியில் தேங்கியிருந்தது இருந்த இடம் தெரியாமல் வற்றியிருந்தது. சொன்னேன். கலர் பட்டனை அழுத்தினேன்.

"வலது பக்கம் வந்துருச்சு. இடது பக்கம் பாக்கறேன். இன்னும் வரல."

"ம்."

"வலது பக்கம் மறுபடி வந்துது. இடது பக்கம் இன்னும் வரல."

"ம்."

"இன்னும் வரலக்கா."

அவள் என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை, கண்ணை மூடவும் இல்லை. கூரையில் இருந்த ஏசி துவாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது. மூன்றாவது நிமிடம் என்று நினைக்கிறேன். திரையில் இடது குழாய் வந்து சேரும் இடத்தில், மெலிசாக, சாய்வாக ஒரு கீற்று. நான் சொல்வதற்குள் சுவரோரம் நின்ற அம்மா, "பந்து மேடம், பந்து!" என்று கத்திவிட்டார். கன்னடத்தில், வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்.

"வந்துருச்சு" என்றேன். "வந்துருச்சுக்கா. வலது பக்கம் மாதிரி வேகமா இல்ல. ஆனா வந்துருச்சு." இன்னொன்று வரும் வரைக்கும் கருவியை எடுக்கவில்லை. அதுவும் வந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் அக்கா. "தண்ணியக் குடிச்சிட்டு ஒன்ற மணி நேரமா கெடக்கறேன். பாத்ரூம் போவ உடுவியா மாட்டியா?"

அவள் போன பிறகு நான் அந்த டேபிளின் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

டாக்டரம்மா பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். ஆபரேஷனின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். எந்த இடத்தில் சூடு பட்டது என்று இன்னும் தன்னால் சொல்ல முடியவில்லை என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று இப்போது நினைத்துப் பார்த்தால், இருந்தது. ஆனால் அவருக்கு யாரும் நான்காம் நாள் போன் செய்து இடது பக்கம் இழுக்கிறது என்று சொல்லவில்லை.

போன வருடம் ஈஸ்டருக்கு அக்கா வீட்டில் சாப்பாடு. மாமாவின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் மாமா கதையை ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் என்பது வரைக்கும் வந்தார்.

"மாமா" என்றேன். "அக்கா அதுக்கு முன்னாடியே மூணு தடவ எனக்கு போன் பண்ணா. வலிக்குதுன்னு சொன்னா. நான்தான் கேஸுன்னு சொல்லி உட்டுட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அப்டியா?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆமா" என்றாள் அக்கா. கரண்டியை எடுத்து, அவர் தட்டில் குழம்பு ஊற்றினாள். மாமாவின் தம்பி தன் பிள்ளைகளிடம் ஏதோ பேச ஆரம்பித்தார். மாமா குனிந்து சாப்பிட்டார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பும்போது வழக்கம்போல மெயின் ரோடு வரைக்கும் வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

அந்தக் கதையை அவர் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். முன்பு மாதிரி பெட்டிகளைத் தூக்குவதில்லை, உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்கு வருகிறாள். மாமாதான் கூட்டிவருகிறார். வெளியே நாற்காலியில் உட்காராமல், இப்போது உள்ளேயே வந்து கால்மாட்டில் நிற்கிறார். நான் பார்ப்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்தி, அளவு எவ்வளவு, போன தடவை எவ்வளவு என்று கேட்கிறார். சொல்கிறேன். அந்தக் கருப்பு இதுவரைக்கும் பெரிதாகவில்லை, முழுசாகப் போகவும் இல்லை.

அடுத்த ஸ்கேன் வருகிற மாதம். தேதி குறித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.